வகுத்துக்குத்தும் ஆறு நோன்பும்

நோன்பு 19, செவ்வாய்
சுடுகிற கச்சான் காற்று. பாய்கள் கழுவிப் போட்டது. பேத்தி றகீபாவுக்கு வகுத்துக்குத்து; வயிற்று வலி தொடங்கி இது மூன்றாம் மாதம். மலத்தோடு இரத்தம். கொடுத்தவை: மாதுளை ஓடு அவித்த தண்ணீர், நாட்டு வைத்தியம் பார்க்கும் பரிசாரியின் குளிகை, ஓதிய தண்ணீர். ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நோன்புப் பகலில் வலி பாதிதான். நோன்பு திறந்து சாப்பிட்டால் சுருண்டு விடுகிறாள். எல்லோருக்கும் சொன்னேன், நோன்புதான் மருந்தென்று.

மகள் சுகறா, றகீபாவின் தாய்: “உம்மா, வருத்தக்காரிக்கு நோன்பு கடமையில்லயே.”

“எனக்கு மார்க்கம் படிப்பிக்காத மகள்.” அஞ்சாம் வகுப்புப் படித்தவள் நான். இந்தத் தெருவுக்கே கடிதம் வாசிப்பவள்.

பெருநாள்
பிள்ளைகளுக்குப் புது உடுப்பு. றகீபா இடியப்பமும் இறைச்சியும் தின்றாள். லுஹர்த் தொழுகைக்கு முன்பே தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். பார்த்தீர்களா என்றேன். நாளையிலிருந்து, பெருநாளுக்குப் பிறகு பிடிக்கிற ஆறு நோன்பும் பிடிக்கச் சொன்னேன்.

“ஓம் உம்மம்மா.”

இல்லை என்று சொல்லத் தெரியாத பிள்ளை.

பெருநாள் கழிந்து 3, பின்னேரம்
மூன்றாம் நோன்பு. கிணற்றடியில் விழுந்துவிட்டாள். உதடு வெள்ளை. மருமகன் கார் பிடித்தார். மட்டக்களப்பு ஆஸ்பத்திரி.

வழியில்தான் சொன்னாள், விடியுமுன் தின்னும் சஹர்ச் சோற்றையும் கோழிக்குப் போட்டாளாம். “திண்டாக் குத்தும். நீங்கதானே சொன்னீங்க.”

டாக்டர்: “குடலெல்லாம் புண். உள்ளுக்கு ஒண்டும் இறங்காததாலதான் வலி குறைஞ்சது. புண் ஆறயில்ல. இரத்தம் போற பிள்ளைய ஆர் பட்டினி போட்டது?”

சுகறா நிலத்தைப் பார்த்தாள். என் பேரைச் சொல்லவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. இங்கே எழுதுகிறேன்: நான்தான்.

பெருநாள் கழிந்து 5
ஒரு போத்தல் இரத்தம் ஏற்றினார்கள். கை ஈர்க்கில்போல. யார் பட்டினி போட்டது என்று டாக்டர் அவளிடமே கேட்டார்.

“நானாத்தான் இருந்தன்,” என்றாள்.

நான் பக்கத்தில், முக்காட்டைச் சரி செய்துகொண்டு. அப்போதும் சொல்லவில்லை.

பெருநாள் கழிந்து 7
மழை. நேற்று வந்த காய்ச்சல் இறங்கவில்லை. கஞ்சி கொடுக்கலாம் என்றார்கள். சுகறா ஊட்டினால் வாய் திறக்கவே இல்லை.

“நீங்க ஊட்டுங்க உம்மா. ஒங்கட சொல்லுத்தானே கேக்கிறவள்,” என்று கோப்பையை என் கையில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

ஒவ்வொரு கரண்டிக்கும் என் முகத்தைப் பார்க்கிறாள். “குடிக்கட்டா உம்மம்மா?”

“குடி மகள்.”

நாலு கரண்டி குடித்தாள். ஐந்தாவதில் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அப்போதும் அடுத்த கரண்டிக்கு வாயைத் திறந்தபடிதான்.