கேட்டுவிட்டுச் சும்மா இருந்தீர்கள்

நேற்று மாலை அஸர் தொழுகை முடிந்ததும் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், உங்கள் கல்லூரியின் வரலாற்றுத் துறை மேடம், ஃபின்லாந்திலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் அம்மா. நான்கு பேருக்குத்தான் டீ போட்டேன். மேடம் தன் செல்போனை டீபாய் மேல் வைத்து அழுத்தினார். உங்கள் குரல் கேட்டது, அக்கா. வீட்டுக் கணக்கை ஒரு நாளும் தப்பாமல் எழுதுகிற எனக்கு, ஆள் கணக்கு அங்கே தப்பிவிட்டது.

"பாபி, வீட்ல உக்காந்து ஷூ அப்பர் தோலு பின்றது கஷ்டமாத்தான் இரு..." என்று எப்போதும்போல் என்னை அண்ணி முறை சொல்லிக் கூப்பிட்டு இழுக்கிறீர்கள். "...க்குது!" என்று முடிக்கிறேன். "கூலி கம்மியாத்தான் குடு..." "...க்கிறாங்க!" மேடம் சிரித்தார். அந்த அம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னதும் அவரும் சிரித்தார். எனக்கும் சிரிப்புதான்.

இதைப் பதிவு செய்தது, நீங்கள் ஃபின்லாந்து போய்த் திரும்பியிருந்த சமயம். ஆராய்ச்சி செய்யும் முறையை அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொண்டு வந்து, வேலூர், ஆற்காடு, ஆம்பூர் கல்லூரி ஆசிரியர்களுக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டும் என்பது ஏற்பாடு. "பேட்டி எடுக்கிறத மொதல்ல உங்க மேல பழகிக்கிறேன் பாபி" என்று பக்கத்து வீட்டிலிருந்து செல்போனோடு வந்தீர்கள். பதிவானதைப் போட்டுக் கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டீர்கள்.

"அய்யய்யோ, கிளாஸ் எடுக்கிற புத்தி போவல பாருங்க. கேள்வியும் நானே, பதிலும் நானே. கேட்டுட்டு வாய மூடிக்கினு இருங்கன்னு அங்க தலபாடா அடிச்சிக்கிட்டாங்க."

"உங்களால அது முடியுமா?" என்றேன்.

"பாக்கலாம் இருங்க" என்று மறுபடி அழுத்தினீர்கள். "நீங்க ஏன் பாபி பள்ளிக்கூடம் போவல?"

அப்புறம் பேசவே இல்லை. டீ குடிக்கும்போதுகூடச் சும்மா இருக்காத நீங்கள்! குக்கர் கூவியது. நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கடைசியில் என் வாயிலிருந்து வந்தது: "போறியான்னு என்ன யாரும் கேக்கல."

மளிகை மடித்து வரும் காகிதத்தைப் பார்த்துப் பார்த்தே நான் எழுத்துக் கற்றது எல்லாருக்கும் தெரியும். இந்த ஒரு சொல் உங்களுக்கு மட்டும்தான் தெரியும் என்றிருந்தேன், நேற்று வரை.

"இன்னா இது, எங்கிட்ட சொன்னதே இல்லியே?" என்றார் வீட்டுக்காரர், வந்தவர்கள் எதிரிலேயே.

"நீங்க கேட்டதே இல்லியே."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். இன்று காலை கம்பெனிக்குக் கிளம்பி, ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "வேற இன்னா உன்ன யாரும் கேக்கல?" என்றார். கோபமா, அக்கறையா? இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

மேடமும் அந்த அம்மாவும் வந்தது இதற்குத்தான்: உங்கள் செல்போனில் கிடைத்த அந்தப் பதிவை, இங்கேயும் அங்கேயும் பயிற்சிக்கு வருகிற ஆசிரியர்களுக்குப் போட்டுக் காட்டலாமா என்று கேட்க. "சிரிப்பு வர்ற பாகத்த வெட்டிடலாம் பாபி, அவங்க பேரு கெடக்கூடாது" என்கிறார் மேடம். அந்த அம்மாவோ வெட்டவே கூடாதாம். பேசிக் கெடுத்தவரும் பிறகு பொறுமையாய்க் காத்திருந்தவரும் ஒருவரே என்பதுதான் பாடமாம். முடிவை என்னிடம் விட்டுவிட்டார்கள்.

என் குரலுக்கு நான் சம்மதம் தரலாம், வீட்டுக்காரரைப் பற்றிய யோசனை இருந்தாலும். உங்கள் குரலுக்கு? "குரல் யாருதோ, சம்மதம் அவங்கதான் தரணும்" என்றவர் நீங்கள். "என் தப்பத்தான் மொதல்ல போட்டுக் காட்டுவேன், அப்பதான் மத்தவங்க பயம் போகும்" என்றவரும் நீங்கள். முதல் வகுப்பு எடுக்கும் முன்பே காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. நீங்கள் அப்படிச் சொன்னதையே சம்மதமாக எடுத்துக்கொள்ளலாமா? விடிகாலை ஃபஜ்ர் தொழுகையில் துஆ கேட்டேன். மனது ஒரு நேரம் சரி என்கிறது, ஒரு நேரம் வேண்டாம் என்கிறது.

இப்போதெல்லாம் மருமகளிடம் ஏதாவது கேட்டால், நடுவில் புகாமல் அவள் சொல்லி முடிக்கும்வரை இருக்கிறேன். அது உங்களிடமிருந்து வந்தது.

அந்த அம்மா வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறார். முழுதாகப் போடச் சொல்லட்டுமா, வெட்டச் சொல்லட்டுமா, வேண்டாம் என்றுவிடட்டுமா? கேட்டுவிட்டேன், அக்கா. வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.