செல்லும் என்றொரு சொல்

டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கறிவேப்பிலையோடு தமிழ் வார இதழையும் பையில் போட்டுக் கொடுத்தார் கடைக்காரர். ஆட்டோவுக்குக் காத்து நின்றபோது, பழக்கத்தில் குறுக்கெழுத்துப் பக்கத்தைப் புரட்டினேன். ‘சட்டம் இதை ஏற்கும், பயணமும் போகும். நான்கு எழுத்து.’ விடை தெரிந்ததுமே இதழை மூடிப் பைக்குள் திணித்தேன். “கஹாம் ஜானா ஹை, மேடம்?” என்று போகுமிடம் கேட்டு வந்து நின்ற ஆட்டோக்காரரிடம் வீட்டு முகவரியைத் தப்பாகச் சொல்லித் திருத்தினேன். நீ போய் ஒரு குளிர்காலம் முழுசாகக் கடந்துவிட்டது. இன்னும் இப்படித்தான் இருக்கிறேன்.

இதே சொல்லை ஒருமுறை நாம் சேர்ந்து நிரப்பியிருக்கிறோம். கல்யாணத்தைப் பதிவு செய்த புதிது. குறிப்புகளை நான் படிப்பேன். இங்கே லக்ஷ்மிபாய் நகரிலேயே பிறந்து வளர்ந்த நீ, தமிழை எழுத்துக்கூட்டவே திணறுகிறவன், துணிச்சலாகத் தப்பு விடை சொல்வாய். நான் ‘செல்லும்’ என்றதும் சண்டைக்கு வந்தாய்.

“பஸ் செல்லும், ரயில் செல்லும். சட்டத்துல எது செல்லும்?”

“கிழிஞ்ச நோட்டைச் செல்லாதுன்னு திருப்பித் தர்றாங்களே, அந்தச் சொல்தான். உயில் செல்லும், ஒப்பந்தம் செல்லும். சட்டப்படி சரி, யாரும் தள்ள முடியாதுன்னு அர்த்தம்.”

“அச்சா! அப்ப நம்ம கல்யாணம்?”

“செல்லும்.”

“இதை எங்க அண்ணன்கிட்ட சொல்லு. உங்க சர்ச்லயும் சொல்லு” என்று விழுந்து விழுந்து சிரித்தாய். பதிவு அலுவலகத்துக்கு இரண்டு வீட்டிலிருந்தும் ஒருவரும் வந்திருக்கவில்லை. உன் அம்மா அதன்பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

நீ போன அன்று காலை வேலைக்குக் கிளம்பி, ஷூ கட்டக் குனிந்தாய். நிமிரவில்லை. அவ்வளவுதான். ஆஸ்பத்திரி நடைவழியில், உன் உடலைப் பெற்றுக்கொள்ளக் கையெழுத்து வேண்டும் என்று ஊழியர் கேட்டார். நான் எழுந்தேன். உன் அண்ணன் குறுக்கே வந்து நின்றார்.

“இவ போடக் கூடாது. அந்தக் கல்யாணமே செல்லாது.”

கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. பதிவுச் சான்றிதழுக்காகப் பையைத் துழாவினேன். பெஞ்சில் குறுகி உட்கார்ந்திருந்த உன் அம்மாதான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“செல்லும்டா. எனக்குப் பிடிக்கலைங்கிறதுக்காக இல்லேன்னு ஆயிடுமா? வழி விடு அவளுக்கு.” பிறகு ஊழியரைப் பார்த்து, “யே மேரீ பஹூ ஹை” என்றார். என் மருமகள். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்க நீ எவ்வளவு ஏங்கினாய்!

அண்ணன் விலகினார். என் பெயரை எழுதும்போது பேனா நழுவியது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், எழுதி முடிக்கும்வரை. உன்னை இழந்த அந்த நேரத்தில் அதுவும் ஒரு அதிர்ச்சியாக இருந்தது என்று சொன்னால் நீ புரிந்துகொள்வாய்.

இன்றும் அவர் என் வீட்டில் சாப்பிடுவதில்லை. ஆனால் வருகிறார். உன் சட்டைகளை எடுத்து உதறி, மறுபடி மடித்து வைத்துவிட்டுப் போகிறார். நீ இல்லை என்பதை என் மனம் இன்னும் நம்ப மறுக்கிறது. கூட்டத்தில் தனியாகச் சாலையைக் கடக்கும்போது, மணிக்கட்டில் அன்று அவர் பிடித்த இடத்தை நானே ஒருமுறை பிடித்துக்கொண்டு நடக்கிறேன்.