பெரியம்மா போடச் சொன்ன ஆறாவது பாட்டு

சாரம், புதுச்சேரி
ஆடி மூன்றாம் வெள்ளிக்கு மறுநாள்

அன்பு மகள் சந்திரகலாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. பாரிஸில் குளிரோ வெயிலோ, நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். நேற்றுக் கோயிலில் நடந்ததை உன் அம்மா போனில் சொல்லிவிட்டாளாம். அவள் கூழ் அண்டா பக்கம் நின்றவள், பாதிதான் பார்த்தாள். ஆம்ப்ளிபையர் பக்கத்தில் இருந்தவன் நான். போனில் பேசினால் அவள் நடுவில் வாங்கிக்கொள்கிறாள், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் உன் ஆல்பம். நீயே எழுதி நீயே பாடிய முதல் ராக் ஆல்பம் என்று அனுப்பினாயே, அத்தனை பாட்டையும் பென்டிரைவில் ஏற்றி, கடை ஷட்டரை இறக்கிவிட்டுப் பெரிய பெட்டி ஸ்பீக்கரில் கேட்டேன். 'பிடுங்கிய ஒயர்' என்ற பெயரைப் பார்த்ததுமே எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நீயும் மறக்கவில்லை. நாலாவது பாட்டில் கிடார் உன் குரல் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது, மிக்சிங் செய்தவனிடம் எங்கள் ஊர் மைக்செட்காரர் சொன்னார் என்று சொல். மற்றதில் குறை இல்லை. தேங்காய்த்திட்டு மீன் ஏலத்தில் பெண்கள் சண்டை போடுவதை வைத்துக் கட்டினாயே, அந்த ஆறாவது பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டேன். போன தடவை வந்தபோது பம்பைக்காரர் ராஜாவை நம் வாசலில் உட்காரவைத்துப் பதிவு செய்த அடியில் தொடங்குகிறது, அதன்மேல் கிடார் வந்து மோதும் இடத்தில் கடை ஷட்டரே அதிர்ந்தது.

நீ பன்னிரண்டாவது படிக்கும்போது நம் அம்மன் கோயில் மேடையில் கிடாரோடு ஏறினாய். விழாக்குழுத் தலைவர் என்ற மிதப்பில் உன் பெரியப்பா ஏழுமலை பாதிப் பாட்டில் மைக்கைப் பிடுங்கி ஒயரையும் இழுத்துப் போட்டார். "பொட்டப்புள்ள தொண்ட கிழியக் கத்துனா ஊருக்கு ஆவாது" என்றார். நான் கட்டிய செட், நான் போட்ட ஒயர். அன்றிலிருந்து அவரோடு நான் பேசவில்லை. கோயிலுக்குச் செட் கட்டுவதை மட்டும் விடவில்லை, அம்மன் எனக்கும் அம்மன்தான். அதே இடத்தில் உன் பாட்டு ஒன்று முதலிலிருந்து கடைசி வரை ஒலிக்காமல் அவர் வாசலை மிதிப்பதில்லை என்று இருந்தேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் விட்டுத்தொலை என்றார்கள். விடவில்லை.

நேற்றுக் கூழ் வார்த்தார்கள். குழாய் ஸ்பீக்கரில் பேஸ் வராது என்று உன் பாட்டுக்காகவே பெட்டி இறக்கினேன். படையல் முடிந்து பம்பைக்காரர்கள் கூழ் குடிக்கப் போன இடைவெளியில் ஆறாவது பாட்டைப் போட்டேன். கை தவறிப் போட்டுவிட்டார் என்று உன் அம்மா எல்லாரிடமும் சமாளித்துக்கொண்டிருக்கிறாள், நம்பாதே, வேண்டுமென்றேதான் போட்டேன். பம்பை அடி கேட்டதும் சொம்போடு வரிசையில் நின்ற பெண்கள் அம்மன் பாட்டு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கிடார் வந்தது, உன் குரல் வந்தது, பெரியப்பாவுக்குப் புரிந்துவிட்டது. கருவாட்டுக் குழம்புக் கரண்டியைக் கூடக் கீழே வைக்காமல், "இது கோயிலாடா, உன் மவ கச்சேரி மேடையாடா" என்று ஓடிவந்து ஒயரைப் பிடுங்கினார். அதே கை, அதே இழுப்பு. நான் எழுவதற்குள் பின்னால் ஓர் அலறல். யாரென்று பார்த்தால் உன் பெரியம்மா பாக்கியலட்சுமி. கல்யாணமாகி வந்த நாள் முதல் புருஷன் எதிரே குரல் உயர்த்தாதவள், இதுவரை சாமியே வராதவள், முடி அவிழ்ந்து, கண் சிவந்து ஆடிக்கொண்டு வருகிறாள். "எவன்டா அடிய நிறுத்துனது? டேய் ஏழுமல! ஆட வந்தவள அலைய உடுறியா?" என்று கேட்டாள் பார், பெரியப்பா முகத்தில் ஈயாடவில்லை. கரண்டியைப் போட்டுவிட்டுக் கற்பூரத் தட்டை ஏந்தி, "தாயே, தெரியாம செஞ்சிட்டேன், என்னா வேணும் சொல்லு" என்கிறார். "பாட்டப் போடுறா" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிடுங்கினவரே சொருகட்டும் என்று நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சொருகினார். முதலிலிருந்து போட்டேன். ராஜா கூழைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து, பெட்டியில் ஒலித்த தன் அடிக்குத் தானே எதிரடி அடித்தார். கடைசிக் கிடார் ஓயும்வரை பெரியம்மா ஆடி, ஓய்ந்ததும் பெரியப்பா தோளிலேயே சாய்ந்தாள். முழுப் பாட்டும் ஒலித்ததம்மா, ஒரு சொல் குறையாமல். வந்தது சாமியா, அடக்கிவைத்த கோபமா என்று சில பேர் கேட்கிறார்கள். எது வந்திருந்தாலும் என் மகள் பாட்டுக்குத்தான் வந்தது.

இன்று காலை பெரியப்பா நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். "அடுத்த ஆடிக்குப் புள்ளய வரச் சொல்லுடா, மேட போட்டுடலாம்" என்றார். "எங்கிட்ட சொல்லாதண்ணே, அவகிட்ட கேளு" என்றேன். "பெரியவன் நானா போயி கேக்கணும்?" என்றார். "மைக்க எங்கிட்டயா புடுங்குன?" என்றேன். கோபித்துக்கொண்டு போனவர் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து, உன் அம்மா கொடுத்த காபியோடு உட்கார்ந்திருக்கிறார். நான் எழுதுவதை எட்டி எட்டிப் பார்க்கிறார். கீழே அவருக்கு இடம் விடுகிறேன். எழுதினால் வா. வெற்று இடமாக வந்து சேர்ந்தால் வராதே, நான் இன்னும் காத்திருப்பேன்.

தொண்டையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள், கச்சேரிக்கு முன்னால் ஐஸ் போட்டு எதையும் குடிக்காதே, மிளகுப் பால் குடி. மாரியம்மன் உனக்கு நீண்ட ஆயுளும் அடங்காத குரலும் தரட்டும். நாலாவது பாட்டில் கிடாரைக் குறைக்கச் சொன்னது நினைவிருக்கட்டும்.

ஆசிகளுடன்,
அப்பா வடிவேல்

கலா, அடுத்த ஆடிக்கு வந்து பாடும்மா. மைக்கை நானே உன் கையில் கொடுக்கிறேன். பெரியப்பா ஏழுமலை.

எழுதிவிட்டார். டிக்கெட் போடு. அன்றைக்கு ஒயர் என் காலடியில் இருக்கும். அப்பா.