குமாருக்கு ஒரு அர்ச்சனை

ஆடி மாதம், மூன்றாம் வெள்ளி.

இன்று சரோஜாவை ஷேர் ஆட்டோவில் திருவேற்காடு அம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனேன். கூட்டத்தில் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தாள். யார் பேருக்கு அர்ச்சனை என்று அர்ச்சகர் கேட்டதும், நான் வாயைத் திறப்பதற்குள், "எங்க புள்ள குமாரு பேருக்கு சாமி, கிருத்திகை நட்சத்திரம்" என்றாள்.

குமார் போய் நான்கு வருடம் ஆகிறது. பெற்ற பிள்ளைக்கு நான்தான் கொள்ளி வைத்தேன். அன்று முழுக்க அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் இவள். மறதி நோய் அதையெல்லாம் அழித்துவிட்டது. போன மாதம் ஒருநாள் பொறுக்க முடியாமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். அப்போதுதான் கேள்விப்பட்டவள் போல மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். மறுநாள் காலையில், "இன்னாங்க, குமாரு இன்னும் எழுந்துக்கலியா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு நான் எதுவும் சொல்வதில்லை.

இறந்தவன் பேருக்கு அர்ச்சனை செய்யலாமா? தடுத்திருக்க வேண்டும். ஆனால் அர்ச்சகர் அவன் பேரைச் சத்தமாகச் சொன்னார். வேறொருவர் வாயால் அந்தப் பேரைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

"இன்னா, மரமாட்டம் நிக்கிறீங்க? புள்ளைக்கு வேண்டிக்கோங்க" என்றாள் சரோஜா.

கண்ணை மூடினேன். என் பிள்ளைக்கு ஒரு குறையும் வரக்கூடாது தாயே என்று வேண்டிக்கொண்டேன். அவளுக்காகச் சொல்லவில்லை. மனதார வேண்டிக்கொண்டேன். அதுதான் இப்போது தூங்கவிடாமல் செய்கிறது.