அழிசியின் வலக்கை குறித்து உப்பங்கரை வேந்தருக்கு

மூன்று மலைக்கும் ஒரு கணவாய்க்கும் உரிமை பூண்ட குறுஞ்சுனை நாட்டரசி கொற்றமாதேவி, அலைவாய்க் காவலரும் ஆயிரம் தோணிக்குத் தலைவருமாகிய உப்பங்கரை வேந்தர் ஓதவாணருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் உப்பளங்கள் வெளுத்து விளைக; தங்கள் வலைகள் கனத்துக் கரை சேர்க; தங்கள் மக்கள் புயலறியாது வாழ்க. வாழ்த்தை இன்னும் நீட்டுவதே முறை என்பதை அறிவேன். மனம் ஓரிடத்தில் நில்லாமையால் இத்துடன் நிறுத்துகிறேன்.

எம் தூதர் அழிசி தங்கள் விருந்து மண்டபத்தில் இரும்பை உருவினார் என்றும், அதற்காக அமாவாசையன்று அவர் வலக்கை வெட்டப்படும் என்றும், அவருடன் வந்த குதிரைவீரர் இன்று காலை திரும்பி வந்து உரைத்தார். அமாவாசைக்கு ஐந்து நாளே உள்ளது. அவர் சொல்லி முடிக்குமுன் ஆசனத்தை விட்டு எழுந்தவள் இன்னும் அமரவில்லை. எம் ஓலை எழுதுவோர் மிக நிதானமானவர். அவர் ஏட்டைச் சீவும் நேரத்தில் பாதி எழுதிவிடலாம் என்று அவரை அனுப்பிவிட்டு, நின்றபடி நானே எழுதுகிறேன்.

தங்கள் தந்தையார் விருந்தினன் ஒருவனது குறுவாளால் பந்தியிலேயே உயிர் துறந்ததையும், அந்நாள் முதல் தங்கள் மண்டபத்துள் இரும்பு நுழைவதில்லை என்பதையும் நான் மறக்கவில்லை. அச்சட்டத்தை ஒரு சொல்லாலும் குறை கூறேன். அழிசியும் அதை மதித்து வாளையும் ஈட்டியையும் வாயிலில் ஒப்படைத்தே உள்ளே வந்தார். இடுப்பில் கிடந்த மடக்கை மட்டும் ஒப்படைக்கவில்லை. அது ஆயுதமென்று அவருக்குத் தோன்றவேயில்லை.

மடக்கு என்பது சாண் நீளமும் இல்லாத பித்தளைப் பிடி. அதனுள் சிறு கத்தியும் கரண்டியும் முள்வாங்கியும் எழுத்தாணியும் மடங்கிக் கிடக்கும். எங்கள் வழிநடையர் கஞ்சி குடிப்பதும் காய் நறுக்குவதும் அதனால்தான். ஆறாண்டுக்கு முன் என் தம்பி ஆதன் கணவாயில் தனியே சென்றபோது காலில் முள் தைத்து, எடுக்கக் கருவியின்றி, புண் சீழேறி இறந்தான். விரல்நுனி அளவு முள். நினைத்தால் இன்றும் அழுகைக்கு முன் கோபமே வருகிறது. அந்தக் கோபத்தில்தான், அரசப்பணியில் வழிச்செல்வோர் எவ்விடத்தும் மடக்கை இடுப்பிலிருந்து அவிழ்க்கலாகாது என்று ஆணையிட்டேன். எவ்விடத்தும் என்று எழுதியபோது தங்கள் மண்டபம் என் நினைவில் இல்லை.

அன்று இலையில் கடல்நண்டு வைத்தீர்களாம். மலையில் பிறந்த அழிசி அதை அதுவரை கண்டதில்லை. ஒதுக்கினால் தங்களை அவமதித்ததாகுமோ என்று அஞ்சி, பல்லுக்கு மசியாத நண்டுக்காலைப் பிளக்க மடக்கை விரித்தார். தாங்களோ கைக்கெட்டும் தூரத்தில் அமர்ந்திருந்தீர்கள். காவலர் பாய்ந்தது அவர்கள் கடமை. அதிலும் எனக்குக் குறையில்லை.

ஆயினும் அழிசியின் கை என் ஆணைக்குக் கீழ்ப்படிந்த கை. அவ்வாணையை எழுதியது என் வலக்கை. குற்றத்துக்கு ஒரு கை வேண்டுமாயின் முறைப்படி இதையே கேட்டல் வேண்டும். இவ்வோலையின் பின்னாலேயே, படையின்றி, பணிப்பெண்டிர் இருவரோடு புறப்படுகிறேன். அமாவாசைக்கு முந்திய நாள் தங்கள் வாயிலில் நிற்பேன். அதுவரை வாளைத் தீட்ட வேண்டா என்று கேட்டுக்கொள்கிறேன்.

எம் நாட்டார்க்கும் இதனாலேயே ஆணை: உப்பங்கரை செல்வோர் இனி எல்லைக்கல்லில் மடக்கை அவிழ்த்து வைத்துச் செல்க. சுனை பொறித்த எம் முத்திரை இதற்குச் சான்றாகுக.

இவ்வாணைக்கு முதலில் கீழ்ப்படிபவள் நானே. இவ்வரிகளைக் கீறும் எழுத்தாணி என் மடக்கினுடையது. தம்பி மறைந்த நாள் முதல் என் இடுப்பை விட்டு அகலாதது. அரக்கிட்டதும் அதை மடக்கி, இவ்வோலைக் கயிற்றிலேயே கட்டித் தங்களுக்கு அனுப்புகிறேன். விரித்துப் பார்த்துத் தீர்ப்பளியுங்கள். நான் வெறும் இடுப்போடு வருகிறேன்; வழியில் முள் தைத்தால் நொண்டியேனும் வந்து சேர்வேன்.