வீட்டிலிருந்து ஒரு துணி

விஹாரம், புத்தூர் மலையடி
8.12.2024

அன்புள்ள யோகலட்சுமிக்கு,

எல்லா உயிர்களும் நலமாக இருக்கட்டும். நீயும் நம் பிரியங்காவும் அதில் அடக்கம்.

இங்கே போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள், அதனால்தான் கடிதம். விடியலில் எழுகிறோம், மூச்சைக் கவனிக்கிறோம், பாத்திரம் தேய்க்கிறோம். கோபம் வந்தால் சண்டைக்குப் போகாமல் அதை உட்கார்ந்து பார்க்கச் சொல்கிறார்கள். நீயும் செய்து பார்.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். புத்த பௌர்ணமிக்கு எனக்குத் துறவு தருவதாகப் பெரிய பிக்கு சொல்லியிருக்கிறார். கல்யாணமானவன் கட்டும் காவித் துணி மனைவி கையால் வர வேண்டும் என்பது இந்த விஹாரத்து வழக்கம். அதுதான் அவள் சம்மதம். கடையில் வாங்கினால் செல்லாது. அனுப்புவாயா?

ஹேமநாதன்


திருத்தணி
17.12.2024

பாவாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். நீங்கள் அங்கே நலமில்லாமல் இருந்தால் நன்றாக இருக்குமே என்று நினைத்தேன். அதுவும் நடக்கவில்லை போலிருக்கிறது.

எல்லா உயிர்களிலும் நாங்கள் அடக்கமா? எதிர்வீட்டுக் கோவிந்தம்மாளின் எருமையோடு எங்களையும் சேர்த்துக்கொண்டதற்குச் சந்தோஷம்.

பிரியங்கா டெங்குவில் கிடந்தபோது, பிழைத்தால் காவடி எடுக்கிறேன் முருகா என்று ஆஸ்பத்திரி வராண்டாவில் அழுதது யார்? மாலை போட்டு, மஞ்சள் வேட்டி கட்டி, எல்லாம் ஆனது. ஆடிக் கிருத்திகை அன்று விடிந்து பார்த்தால் வேட்டி மட்டும் கொடியில் தொங்குகிறது, ஆளைக் காணோம். அந்த வேட்டியைப் புடவைமேல் சுற்றிக்கொண்டு உங்கள் பூக்காவடியை நான்தான் மலைமேல் சுமந்தேன். படியில் துளசிங்கம் அண்ணன், "எங்கம்மா ஹேமநாதன், மொட்டை போடப் பூட்டானா?" என்று கேட்டார். "ஆங், போட்டுட்டாருண்ணா, எங்களுக்கு" என்றேன். பக்கத்தில் வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்காகவே உங்களை மன்னிக்க மாட்டேன்.

நீங்கள் சொன்னபடி தையல் மெஷினில் உட்கார்ந்து கோபத்தைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. எங்கள் இருவருக்கும் ஒத்துப்போய்விட்டது.

துணி கேட்டீர்களே, இத்துடன் வருகிறது. பொதட்டூர்பேட்டை லுங்கி, என் கையால் ஓரம் அடித்தது. பற்றில்லாதவருக்குக் கட்டம் என்ன, காவி என்ன?

யோகலட்சுமி


விஹாரம்
20.1.2025

அன்புள்ள யோகத்துக்கு,

லுங்கி வந்தது. பச்சையில் சிவப்புக் கட்டம். ஒளித்து வைத்திருந்தேன், பெரிய பிக்கு பார்த்துவிட்டார். யார் அனுப்பியது என்று கேட்டார், சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்து, "கட்டிகினு வா, நைனா" என்றார்.

மண்டபம் முழுக்க வெள்ளை வேட்டி, நான் மட்டும் கட்டம். கண்ணை மூடினால் பின்னால் யாரோ சிரிப்பை அடக்குகிறார்கள். முதலில் கோபம் வந்தது. அப்புறம் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இங்கே வந்து நான் சிரித்தது அன்றுதான்.

விளையாட்டுப் போதும், யோகம். பழிவாங்குவது உனக்குத்தான் பாரம். காவித் துணியை அனுப்பு.

ஹேமநாதன்


திருத்தணி
2.2.2025

பாவாவுக்கு,

பாரமா? காவடியைவிடவா?

ஆமாம், பழிதான் வாங்குகிறேன். தோசை ஊற்றும்போது தோசையில் மட்டும் மனதை வை என்று இங்கே இருந்தபோது என்னைப் பிடுங்கி எடுப்பீர்களே. இப்போது பழிவாங்கும்போது அதில் மட்டும் மனதை வைத்திருக்கிறேன். நன்றாக வருகிறது.

பள்ளிக்கூடத்தில் அப்பா எங்கே என்று கேட்டதற்கு, "மூச்சைப் பாத்துகினு இருக்காரு மிஸ்" என்றாளாம் பிரியங்கா. அந்த மிஸ் ஆஸ்துமா என்று நினைத்து, தெரிந்த டாக்டர் நம்பரைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தாள். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அதை என்னால் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை.

நம் ரிசப்ஷனுக்குப் போட்ட சந்தன நிறச் சட்டை ஞாபகம் இருக்கிறதா? கிழித்து, மடித்து, தரை துடைக்கும் துணியாகத் தைத்து அனுப்பியிருக்கிறேன். இதுவும் என் கையால் வந்ததுதான்.

யோகலட்சுமி


விஹாரம்
9.3.2025

என் யோகத்துக்கு,

உன் துணியால் மண்டபம் துடைத்தேன். ஒரு பொத்தானை எடுக்காமல் விட்டிருக்கிறாய். துடைக்கத் துடைக்கத் தரையில் கீச்கீச்சென்றது. ரிசப்ஷன் அன்று அது கழன்று வந்து, மேடைக்குப் போகுமுன் நீயே தைத்துவிட்டது ஞாபகம் வந்தது. ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

பெரிய பிக்குவிடம் போய்ச் சொன்னேன். "பாத்திரம் உன் வீட்லயும் இருக்குதே" என்றார், அவ்வளவுதான்.

காவித் துணி வேண்டாம், யோகம். நான் பயந்து ஓடி வந்தவன். பிள்ளை பிழைத்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை, அதற்குத் துறவு என்று பெயர் வைத்தேன். பங்குனி உத்திரத்துக்குள் வந்துவிடுகிறேன். இந்த ஆடிக்குக் காவடியை நானே எடுக்கிறேன். வரட்டுமா? ஒரு வரி எழுது. என் சட்டைகள் அலமாரியில் அப்படியே இருக்கட்டும்.

உன் ஹேமநாதன்


திருத்தணி
16.3.2025

பாவாவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்குள் தைத்து முடித்துவிட்டேன்.

வீசியெறிந்த துணிகளை ஒட்டுப்போட்டுத்தான் அந்தக் காலத்து பிக்குகள் கட்டினார்கள் என்று ஒருமுறை சொன்னீர்கள். அலமாரியைத் திறந்தேன். அரக்கோணம் வேலைக்குப் போட்ட சட்டைகள், தீபாவளிச் சட்டைகள், வீட்டு வேட்டிகள், எல்லாவற்றையும் எடுத்து வெட்டினேன். வெட்டும்போது உங்களையே வெட்டுவதுபோல் ஆசையாக இருந்தது, பொய் சொல்வானேன்? ஆனால் துண்டோடு துண்டு சேர்த்துத் தைத்துக்கொண்டே போகையில், நடுவில் ஒரு நாள் பார்க்கிறேன், கோபத்தைக் காணோம். தேடிப் பார்த்தேன். எனக்கே ஏமாற்றமாக இருந்தது. உங்களையும் தேடினேன். அந்த இடத்திலும் யாரும் இல்லை.

பொத்தானை மறந்து விடவில்லை, வேண்டுமென்றேதான் விட்டேன். நீங்கள் அழுதது தெரிந்து அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

துணியை என் அண்ணன் சாயப்பட்டறையில் காவியில் முக்கி வாங்கினேன். சாயம் நன்றாகப் பிடித்திருக்கிறது. இத்துடன் வருகிறது. எனக்கு முழுச் சம்மதம்.

மஞ்சள் வேட்டி மட்டும் இதில் இல்லை. ஆடிக்கு எனக்கு வேண்டும், பிரியங்காவும் கூட ஏறுகிறாள். அப்பாவைப் போய்ப் பார்க்கிறாயா என்று கேட்டேன். பரீட்சை முடியட்டும் என்றாள். அது அவள் இஷ்டம். மற்றபடி இந்த வீட்டில் உங்கள் துணி என்று ஒன்றும் இல்லை. அலமாரியில் அவள் புத்தகங்களை அடுக்கியாகிவிட்டது.

எல்லா உயிர்களும் நலமாக இருக்கட்டும். நீங்களும் அதில் அடக்கம்.

யோகலட்சுமி