அழகனின் தசைத்துண்டு

லீட்ஸ்,
04.03.2004

அன்புள்ள அப்பா,

ஆறு வருடமாக நீங்கள் பதில் போடாவிட்டாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உள்ளே போய்விட்டது! ஆய்வுகூடத்தில் நாங்கள் கட்டிய, கிளை கிளையாக விரிந்த மூலக்கூறு, ஒளிரும் அடையாள மரபணு ஒன்றைப் பிடித்துக்கொண்டு தசை உயிரணுவுக்குள் நுழைந்து அதை இறக்கிவிட்டது. இறங்கிய இடமெல்லாம் பச்சையாக ஒளிர்ந்தது. தம்பியின் தசையைக் கரைக்கும் நோய்க்கு வேண்டிய மரபணு மிகப் பெரியது; மரபணுவைச் சுமக்க வழக்கமாகப் பயன்படுத்தும் வைரசுக்குள் அடங்காது. எங்கள் மூலக்கூறு அதையும் சுமக்கும். அழகனிடம் சொல்லுங்கள்.

மகள்,
யோகமலர்

தலவாக்கலை,
22.03.2004

யோகமலருக்கு,

உன்மேல் உள்ள கோபம் அப்படியேதான் இருக்கிறது. அழகன் நடந்துகொண்டிருந்தபோது போனாய். இப்போது அவனைத் தூக்கி உட்காரவைப்பவன் நான். அது நிற்க.

பழைய ஆங்கிலப் பத்திரிகைகளை அகராதியோடு உட்கார்ந்து படித்தேன். மரபணு எதிர் மின்னேற்றம், உன் மூலக்கூறு நேர் மின்னேற்றம். அதனால்தான் ஒட்டுகிறது, சரியா? இருபத்தெட்டு வருடம் தேயிலைத் தொழிற்சாலை மோட்டாரோடு கிடந்தவனுக்கு இதுகூடவா புரியாது?

நானும் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் செல்லசாமியும் அழகனை நாற்காலியோடு பஸ்சில் ஏற்றி, ஹட்டனில் பாஸ்போர்ட் படம் எடுத்தோம்.

“சிரிடா. இந்த மூஞ்சியோட போனா ஏர்போட்லயே திருப்பிருவாங்க” என்றான் செல்லசாமி.

“ஒங்க மூஞ்சியையே நாட்டுக்குள்ள விட்டு வச்சிருக்காங்களே, மாமா!”

நம் லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டேன். எப்போது புறப்பட வேண்டும்?

மாயாண்டி

லீட்ஸ்,
05.04.2004

அன்புள்ள அப்பா,

மின்னேற்றம் மிகச் சரி! எங்கள் குழுவுக்கே படித்துக் காட்டினேன். ஆனால் பாஸ்போர்ட் வேண்டாம் அப்பா. ஒளிர்ந்தது கண்ணாடித் தட்டில் வளர்த்த எலியின் உயிரணு. மூலக்கூறின் அளவைக் கூட்டினால் நாங்கள் சேர்த்த அதே மின்னேற்றம் உயிரணுவைக் கொல்கிறது. ஊசியாக வர எத்தனை வருடமோ. அழகனுக்கு உதவும் என்று சொன்னால் பொய். முதலிலேயே இதைத் தெளிவாக எழுதாதது என் தப்பு.

அடுத்து, நோயுள்ள மனிதத் தசையில் பார்க்க வேண்டும். அவன் தொடையிலிருந்து பயறளவு துண்டு. கண்டியில் டாக்டர் எடுத்து அனுப்புவார். கேட்கவே கூசுகிறது. சம்மதப் படிவம் இத்துடன் வைத்திருக்கிறேன்.

யோகமலர்

தலவாக்கலை,
26.04.2004

யோகமலருக்கு,

பலன் அவனுக்கு இல்லை, வெட்டு மட்டும் அவனுக்கா? படிவத்தை அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டேன்.

“எனக்குப் பத்தொம்பது வயசுப்பா. என் தொடை. நீங்க எதுக்கு ஒளிச்சு வைக்கிறீங்க?” என்றான்.

“ஒனக்கு ஒண்ணும் ஆகப்போறதில்லடா.”

“தெரியுது. நாளைக்கு வேற ஒருத்தன் நடப்பான்ல? அக்காவோட மூலக்கூறு மொதல்ல என் தசையில ஏறிப் பாக்கட்டும்.”

எடுத்துக் கொடுத்தேன். நான் கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன். அவனே போட்டான். விரலில் பலம் இல்லாததால் ஒரு காலைப்பொழுது முழுக்க ஆனது. காகிதம் நகராமல் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். வியாழக்கிழமை கண்டிக்குப் போகிறோம். இரண்டு பேருக்கும் தூக்கம் இல்லை, அவனுக்குச் சந்தோஷத்தில்.

மின்னேற்றம் கொல்கிறது என்றால், கிளைகளில் பாதியை மூடிவைத்துப் பார்த்தீர்களா? பார்த்திருக்காவிட்டால் பார்.

ஒளிர்ந்தாலும் ஒளிராவிட்டாலும் அன்றே எழுது. உறையில் அவன் பெயரைப் போடு. நான் படித்துக் காட்டுகிறேன்.

அப்பா